வல்லாரைப் பூ

எமது நாட்டில் இயல்பாகப் பூக்கும் மலர்களுள், எவரும் தலையிற் சூடாததும், எந்தக் கோயிலிலும் சாத்தப்படாததும், சிறுவர்கூடப் பறித்து விளையாடாததுமான ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். மலரைத்தான் அறியோமே தவிர, அதனைத் தாங்கும் செடியை அறியாத வீடு யாழ்ப்பாணத்தில் இல்லை, கண்டியிலும் இல்லை, மாத்தறையிலும் இருக்குமென்று நான் நினைக்கவில்லை. சந்தைக்குச் சென்றவர் அதன் இலையில் ஒரு பிடியை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டுதான் மீன் பக்கம் போவார். மெல்லியதாய் அரிந்து, தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, தேசிக்காய்ப் புளி விட்டால் அது சம்பல். வல்லாரை என்றதும் எம்மவர் நினைவில் முதலில் எழுவது வட்டமான ஓர் இலை. அடுத்து எழுவது ஒரு பரீட்சை. பூ எழுவதில்லை. வல்லாரைக்குப் பூ உண்டா, உண்டெனில் அது என்ன நிறம் என்று இதனைப் படிக்கும் அன்பர் தம்மைத் தாமே ஒருமுறை கேட்டுப் பார்ப்பாராக. என் இருபத்தொராவது வயது வரையில் நான் கேட்டதில்லை. கேளாததற்கு உரிய தண்டனையையும் பெற்றேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்னும் மூன்று மாதங்களில் வானம் தருவதைத் தந்து ஓய்ந்துவிடும். தந்த நீரிலும் பெரும் பகுதி சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளூடே கீழிறங்கி ஒளிந்துகொள்ளும். அதன்பின் ஆவணி வரையில் எங்கள் செம்மண் ஊரில் புல் என்பது மஞ்சள் நிறமான ஒரு பொருள். இத்தகைய நிலத்தில், ஈரமும் வெயிலும் ஒருங்கே வேண்டிநிற்கும் செடியொன்று ஆண்டு முழுவதும் வாழ்வதாயின் அதற்கு ஓர் இடந்தான் உண்டு, அது கிணற்றடி. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் துணி தோய்க்கும் கல்லிலிருந்து வாழைப்பாத்தி வரையில் ஒரு சிறு வாய்க்கால் ஓடியது. அதன் இரு கரையிலும், ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு, வல்லாரை படர்ந்திருந்தது. குளிக்கும் நீரும், பாத்திரம் கழுவும் நீரும், துலாவிலிருந்து பட்டை ஏறும்போது சிந்தும் நீருமே அதன் மாரி. வீட்டில் ஆட்கள் கூடினால் செடி தழைக்கும். நாங்கள் திருவிழாவுக்கென்று நான்கு நாள் வெளியூர் சென்று வந்தால் இலை சுருங்கியிருக்கும். காட்டுச்செடியா வீட்டுச்செடியா என்று கேட்டால் எனக்கு விடை தெரியாது. எவரும் அதனை அங்கு நட்டதாக எங்கள் வீட்டில் ஒரு கதையும் இல்லை.

ஈரம் மட்டும் இருந்தாற் போதும் என்று எண்ணுவது தவறு. நீர் தேங்கி நிற்கும் குழியில் அது நன்றாக வளர்வதில்லை. அடர்ந்த நிழலிலே காம்பு நீண்டு இலை மெலிந்துவிடும். எல்லாவற்றிலும் அதற்குப் பெரிய பகை உயரமான புல்லாகும். நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும் அதன் தண்டுக்கு மேலெழுந்து போராடும் ஆற்றல் இல்லை. ஆகவே மாடு மேய்ந்த குளக்கரையிலும், மண்வெட்டி அடிக்கடி படும் வயல்வரம்பிலும், மனிதர் மிதிக்கும் கிணற்றடியிலும் அது செழிக்கிறது. பிறரால் மேயப்பட்டும் மிதிக்கப்பட்டும் வெளியாகிய இடமே அதன் இடம். பறிக்கப் பறிக்கத் தழைக்கும் என்று எங்கள் பெண்கள் சொல்வது வெறும் உபசாரமன்று. பறிப்பவள் வல்லாரையை மட்டுமா பறிக்கிறாள்? இடையில் நிற்கும் கோரையையும் அறுகையும் பிடுங்கி எறிந்துவிட்டல்லவா போகிறாள்!

என் அன்னையார் அவ்வாறு பறிப்பதை நாள்தோறும் கண்டு வளர்ந்தவன் நான். விடியற்புறத்தில், துலா ஏறி இறங்கும் ஓசைக்குச் சற்று முன்னதாக, கைவிளக்கைக் கல்லின்மேல் வைத்துவிட்டுக் குந்தியிருந்து ஒவ்வோர் இலையாகக் காம்போடு கிள்ளுவார். சம்பலுக்கென்றால் கொத்தாக அள்ளிவிடலாம். ஆனால் அது சம்பலுக்கு அன்று, எனக்கு. 1971 ஆம் ஆண்டு நான் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு முதன்முறை தோற்றவிருந்தேன். வெறும் வயிற்றில் ஏழு இலை. மென்று விழுங்கியபின் அரை மணி நேரம் தண்ணீர் குடிக்கலாகாது. ஏன் ஏழு, ஏன் அரை மணி என்று நான் கேட்டதில்லை. அந்தக் கசப்பு, பிறகு நாக்கின் அடியில் ஊறும் ஒரு பச்சை மணம், அதன்மேல் மண்ணெண்ணெய் விளக்கின் புகை: இவை மூன்றும் சேர்ந்ததே எனக்குச் சேதன இரசாயனம். வல்லாரை தின்றவனோடு மல்லுக்குப் போகாதே என்றொரு சொல்வழக்கு எம்மிடையே உண்டு. பரீட்சை வினாத்தாளுக்கு அவ்வழக்குத் தெரிந்திருக்கவில்லை.

நான் தேறவில்லை. தரப்படுத்தல் என்னும் சொல் எம்மவர் வீடுகளிற் புகுந்த காலம் அது. என் முதல் தோல்வியை அதன் கணக்கில் எழுதிக்கொள்ள இன்றுவரை எனக்கு வசதி உண்டு. ஆயினும் இரசாயனத்தில் நான் பெற்ற புள்ளி எந்த ஆண்டிலும் எந்த முறையிலும் போதியதாக இருந்திராது என்பதே உண்மை. முடிவு வந்த அன்று ஐயா ஒன்றும் பேசவில்லை. பேசாதிருந்தது பேசியதிலும் கொடிதாயிருந்தது. இரவு கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது அம்மா அருகில் வந்து நின்று சொன்னார்:

“தம்பி, அது உன்ரை பிழை இல்லை. அந்தக் கிழமை வல்லாரை பூத்திட்டுது. பூத்த இலைக்குக் குணமில்லை. நான் பாத்துப் பறிச்சிருக்கவேணும்.”

பெற்றவள் பிள்ளையின் தலையிலிருந்து ஒரு பாரத்தை இறக்கி, வாய்திறவாத செடியொன்றின்மேல் வைக்கிறாள் என்றே நான் அன்று எடுத்துக்கொண்டேன். வல்லாரையாவது பூப்பதாவது! அடுத்த ஆண்டு மீண்டும் தோற்றினேன். விடியற்புறத்து ஏழு இலை தொடர்ந்தது. கிள்ளுமுன் அம்மா விளக்கைத் தாழ்த்திப் பிடித்து எதையோ தேடுவார். அதுவும் எனக்காக நடத்தப்படும் நாடகத்தின் ஒரு பகுதி என்று கருதினேன். இம்முறை தேறினேன். 1973 இல், மகாவலிக் கரையில் அமைந்த பல்கலைக்கழகத்துக்கு, தாவரவியல் படிக்கவென்று ஒரு தகரப் பெட்டியோடு புகையிரதம் ஏறினேன்.

அங்கே எனக்கு வாய்த்த அறைத்தோழர் மாத்தறைப் பக்கத்தவர். விடுதியில் முதல் வாரமே மதிய உணவில் என் கிணற்றடியைக் கண்டேன்: அரிந்து, தேங்காய் சேர்த்து, இலேசாகச் சூடு காட்டியது. தோழர் அதனைக் கொட்டுகொல என்றார். கொல என்றால் இலை. கொட்டுவ என்றால் இலையைக் கூம்பாகச் சுருட்டிச் செய்யும் தொன்னை. பின்னாளில் ஒரு பொருத்தத்தை அறிந்து வியந்தேன். லின்னேயஸ் 1753 இல் இச்செடிக்கு இட்ட பெயர் ஐதரோக்கொற்றைல் ஏசியாற்றிக்கா என்பது. அதன் முற்பகுதி கிரேக்க மொழியில் நீர்க்கிண்ணம் என்று பொருள்படும். தென்னிலங்கைக் கிராமத்தவரும் சுவீடன் நாட்டுப் பேராசிரியரும் ஒருவரையொருவர் அறியாமலே இலையிற் கண்டது ஒரு கிண்ணத்தைத்தான். வடமொழியாளர் கண்டதோ தவளையை, மண்டூகபர்ணி என்றனர். தெலுங்கர் சரஸ்வதியின் இலை என்று நேரே பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டனர். நம்முடைய வல்லாரை ஆரைக்கீரையோடு சேர்த்து வைத்த பெயர் போலும். நான்கு இலைகொண்ட அந்த நீர்ப்பன்னத்துக்கும் இதற்கும் உறவு எதுவுமில்லை, இரண்டும் ஈரத்திற் படர்வன என்பதைத் தவிர. இத்தனை பெயரிலும் ஒன்றேனும் பூவை நோக்கி வைத்ததன்று. 1879 இல் ஊர்பன் என்னும் ஜெர்மானியத் தாவரவியலாளர் இதனைச் சென்ரெல்லா என்னும் சாதிக்கு மாற்றினார். இன்று நூல்களில் வழங்குவது அப்பெயரே. அச்சாதியின் ஏனைய இனங்களிற் பெரும்பாலானவை தென்னாபிரிக்காவுக்கு உரியவை. இஃது ஒன்றே ஆசியா முழுவதும் பரந்து எங்கள் வாய்க்காலையும் வந்தடைந்தது.

நிற்க. தண்டனையைச் சொல்கிறேன்.

இரண்டாம் ஆண்டுச் செய்முறைப் பரீட்சையில் மேசைகளின்மேல் வரிசையாக மாதிரிகளை வைத்து, மணி அடிக்க அடிக்க நாங்கள் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகரவேண்டும். ஆறாவது மேசையில் ஒரு நுணுக்குக்காட்டி. அதனடியில், இலையெல்லாம் நீக்கப்பட்ட ஒரு கணு. கணுவில் ஒரு குறுங்காம்பு. காம்பின் நுனியில் மூன்று பூக்கள். குடும்பம் எது, காரணம் யாது, இனம் எது என்று வினா. கண்ணை வைத்துப் பார்த்தேன். அத்துணை சிறிய பூவை அதுவரை நான் நுணுக்கிப் பார்த்ததில்லை. ஐந்து அல்லிகள்; ஊதா கலந்த இளஞ்சிவப்பு; வாடிய உரோசாவின் ஓர நிறம் என்று சொல்லலாம். அவற்றின் இடையிடையே ஐந்து கேசரங்கள். அடியில், பூவுக்குக் கீழாக, பக்கவாட்டில் தட்டையாக்கப்பட்ட பச்சைச் சூலகம். அதன் தலையில் கொம்புபோல் இரண்டு தம்பங்கள். நடுப்பூ காம்பின்றி அமர்ந்திருக்க, மற்ற இரண்டும் சற்றே விலகி நின்றன. மூன்றையும் அடியில் இரண்டு மெல்லிய பூவடியிலைகள் ஏந்திப் பிடித்திருந்தன. முழுத் தொகுதியும் ஒரு நெல்லுமணியின் அளவுக்கு மேற்படாது. கீழ்ச்சூலகம், இரு தம்பம், ஐந்து கேசரம்: குடும்பத்தை எழுதுவதில் எனக்கு ஐயமிருக்கவில்லை. கொத்தமல்லியும் சீரகமும் ஓமமும் கரட்டும் சேர்ந்த குடும்பம். ஆனால் அக்குடும்பத்தவர் தம் பூக்களைக் குடைபோல விரித்து உயர்த்திக் காட்டுவர். கொத்தமல்லித் தோட்டத்தைப் பூத்த காலத்திற் கண்டவர் அறிவர். இதுவோ குடையை மடக்கி மடிக்குள் வைத்திருந்தது. ‘இனம்: குளிர் நாட்டுக்கு உரியது, நுவரெலியாவுக்கு மேல் காணப்படலாம்’ என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். அன்று மத்தியானமும் விடுதியில் அதன் இலையைத்தான் உண்டிருந்தேன்.

வாய்மொழிப் பரீட்சையில் விரிவுரையாளர் என் விடைத்தாளைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“நீர் யாழ்ப்பாணமோ?”

“ஓம், சேர்.”

“வல்லாரை தின்னாமலோ வளர்ந்தனீர்?”

தின்று வளர்ந்தவன் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நின்றேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. அன்று மாலை மைதானத்தின் ஓரத்தில் நீர்க்குழாய் கசியும் இடத்துக்குத் தனியே சென்று குந்தினேன். இலைக்காம்புகள் விரற்கடை விரற்கடையாக நீண்டு நிற்க, அவற்றின் அடியில், மண்ணை ஒட்டினாற்போல், அவை இருந்தன. பூக்காம்பு இலைக்காம்பிலும் மிகக் குறுகியது. எனவே இலையை மேலிருந்து பார்ப்பவர் எவரும் பூவைக் காணமாட்டார். இலையை விலக்கவேண்டும். விலக்கினால் ஒரு கணுவில் மொட்டு, ஒரு கணுவில் பூ, மற்றொன்றிற் காய். காய் தட்டையானது, முதிரும்போது இரண்டாகப் பிளக்கும், வரம்புகளும் அவற்றை இணைக்கும் வலைக்கோடுகளுமாக, சிறு ஆமை ஓடுபோல் இருக்கும். சிற்றெறும்பு ஒன்று அல்லியின்மேல் ஏறித் தேன் தேடிக்கொண்டிருந்தது. அதற்கு மட்டும் அது பெரிய பூ.

படித்து முடித்து ஊர் திரும்பி, முப்பத்தைந்து ஆண்டுகளுக்குமேல் பாடசாலைகளில் தாவரவியல் கற்பித்தேன். வல்லாரையை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், அப்போதும் பூவை வரையவில்லை. பதியமுறை இனப்பெருக்கத்துக்கு அது மிகத் தக்க உதாரணம்: நிலத்தின்மேல் ஓடும் தண்டு, கணுதோறும் வேர், வேர்தோறும் ஒரு புதுச்செடி. இடையிலே அறுத்துவிட்டாலும் இரண்டும் பிழைக்கும். பாடத்திட்டம் கேட்டது அவ்வளவே. விதையும் பூவும் இருக்கும்போது இப்படி ஓடவேண்டிய தேவை என்ன என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல காலத்தில் ஓடும், கெட்ட காலத்துக்கு விதை வைக்கும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அது அவ்வளவு பிழையான விடையன்று என்பதைப் பின்னர் கண்டேன்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி மழையில் நடந்தது. அன்று அம்மாவுக்கு வயது அறுபத்தேழு. வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியதை எடுங்கள் என்று நான் அவசரப்படுத்த, அவர் உறுதிக் கட்டோடும் ஐயாவின் படத்தோடும், கிணற்றடிக்குப் போய் ஓர் ஈரச் சாக்குத் துண்டில் வல்லாரையைச் சுருட்டிக்கொண்டு வந்தார். எனக்குச் சினம் மூண்டது. அத்தனை சனத்தின் நடுவே, தோளில் பிள்ளையும் தலையில் பெட்டியுமாக நகரும்போது, இதற்கோ இடம் என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாக்கைச் சேலைத் தலைப்பினுள் மறைத்துக்கொண்டார். சாவகச்சேரியில் எங்களுக்கு இடந்தந்த வீட்டாரின் கிணற்றடியில், மறுநாட் காலையே அது நடப்பட்டது. என் மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. தங்குவதற்கு இடமில்லாத அந்த மாதங்களிலும் புலமைப்பரிசிற் பரீட்சை என்று ஒன்று வரும் என்பதில் அம்மாவுக்கு ஐயமிருந்ததில்லை.

அடுத்த ஆண்டின் நடுப்பகுதியில் நாங்கள் திரும்பியபோது கிணற்றடி வெடித்துக் கிடந்தது. ஆறேழு மாதமாக அங்கு எவரும் குளிக்கவில்லை. எவரும் ஒரு பாத்திரம் கழுவவில்லை. வாய்க்காலில் சருகு. ஆளில்லாத வீட்டில் கிணறு நிறைந்திருந்து என்ன, சிந்துவதற்குக் கை வேண்டும். வந்த அன்றே அம்மா தண்ணீர் அள்ளி ஊற்றத் தொடங்கினார். சாவகச்சேரியிலிருந்து கொண்டுவந்த கொடிகளையும் பழைய இடத்தில் ஊன்றினார். சில வாரங்களில் தோய்கல்லின் அடியிலிருந்து பச்சை எட்டிப்பார்த்தது. அது பழைய வேரிலிருந்து வந்ததா, உதிர்ந்த விதையிலிருந்து வந்ததா, ஊன்றிய கொடியின் ஓட்டமா என்று தாவரவியல் ஆசிரியனாகிய எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன். “வந்திட்டுதுதானே” என்றார்.

நினைவாற்றல் பற்றிய நம்பிக்கைக்கு வருவோம். இந்தச் செடிக்கு எம்மவர் அளித்த பெரும் பதவி அதுவே. இதிலே ஒரு பழைய குழப்பமும் உண்டு. பிராமி என்னும் புகழ்பெற்ற மூலிகை எது என்பதில் பாரத நாட்டு வைத்தியர்கள் ஒருமனப்பட்டவர்கள் அல்லர். ஒரு சாரார் வல்லாரையையே பிராமி என்பர். ஏனையோர் பக்கோப்பா மொனியெரி என்னும் நீர்ப்பிரமியே பிராமி என்பர். பிந்தியது சதுப்பிற் படரும் தடித்த சிற்றிலைச் செடி. அதன் வெண்பூவை நின்றவாறே காணலாம். இரண்டும் ஈரநிலத்தவை, இரண்டும் படர்வன, இரண்டின் புகழும் ஒன்றே; ஆயினும் குடும்பம் வேறு, உள்ளடங்கிய பொருள்கள் வேறு. யாருடைய புகழை யார் உண்டார் என்று இன்று பிரித்தறிய முடியுமோ என்பது ஐயமே. வல்லாரையின் புண்ணாற்றும் குணத்துக்கு ஒப்பீட்டளவில் உறுதி உண்டு. 1940 களில் மடகாஸ்காரில் தொழுநோய்ப் புண்களுக்கு இதனைப் பயன்படுத்தி ஆராய்ந்தனர். ஏசியாற்றிக்கோசைட்டு என்று செடியின் பெயராலேயே வழங்கும் பொருள் இதிலிருந்து பிரிக்கப்பட்டது. புண்ணுக்கும் தழும்புக்கும் பூசும் களிம்புகளில் இன்றும் இதன் சாறு சேர்கிறது. நினைவாற்றலோ வேறு கதை. எலிகளில் நடத்திய சில ஆய்வுகள் ஆதரவாகப் பேசின. மனிதரில் அதுவரை நடந்த சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து 2017 இல் வெளிவந்த ஒரு மீளாய்வு, அறிவாற்றலை வளர்க்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை என்றும், விழிப்புணர்வைச் சற்றுக் கூட்டக்கூடும் என்றும் சொல்லி முடிந்தது. என் பழைய மாணவர் ஒருவர் அதனை அச்செடுத்து அனுப்பியிருந்தார்.

அந்தத் தாள்கள் என் கைக்கு வந்தபோது அம்மா நினைவிழந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

2012 அளவில் தொடங்கியது. முதலில் அடுப்பில் வைத்த பால்; பிறகு திறப்பு; பிறகு ஐயா இறந்த செய்தி. அதனை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டு அழுவார். எனவே ஐயா தோட்டத்துக்குப் போயிருக்கிறார் என்று சொல்லப் பழகினோம். நானும் மனைவியும் அவருக்கு நாள்தோறும் வல்லாரை கொடுத்தோம். அவர் எனக்குக் கொடுத்த அதே ஏழு இலை. பல் இல்லாமையால் அரைத்துச் சாறாக. மீளாய்வைப் படித்த மறுநாட் காலையிலும் கிணற்றடிக்குப் போனேன். விஞ்ஞானம் கற்பித்தவன் செய்யத்தக்க செயலா என்று எவரேனும் கேட்டால், அவர் தம் தாயாருக்கு அச்சாற்றை நிறுத்திப் பார்க்கட்டும் என்பதன்றி வேறு விடை என்னிடம் இல்லை.

என்னை அவர் தம்பி என்றே கடைசிவரை அழைத்தார். அயலார் இதனைக் கேட்டு, பிள்ளையை மட்டும் மறக்கவில்லை என்று மகிழ்வர். ஆனால் எங்கள் ஊர் வழக்கில் பெற்ற மகனும் தம்பிதான், உடன்பிறந்த இளையவனும் தம்பிதான். அம்மாவின் தம்பியார், என் மாமா, 1980 இல் காலமானவர். இளமையில் என்னைப் போன்ற சாடை என்பார்கள். அவர் அழைப்பது யாரை என்று எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்க்கத் துணிந்ததுமில்லை; தெரியாதிருக்கும்வரை அது நானாகவும் இருக்கலாமல்லவா?

2018 மார்கழியில் மழை விட்டு வெயில் எறித்த ஒரு நாள், அவரைக் கதிரையோடு கிணற்றடிக்குக் கொண்டுபோய் வைத்தோம். துலா எப்போதோ போய், நீரிறைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. தோய்கல் மட்டும் அப்படியே இருந்தது. வல்லாரை அந்த ஆண்டு வாழைப்பாத்திக்கும் அப்பால் ஓடியிருந்தது. ஓய்வு பெற்றபின் நான் பழுதாக்காமல் வைத்திருந்த கைவில்லை ஒன்று உண்டு. நாற்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்னர் நான் காணத் தவறியதை அம்மாவுக்குக் காட்டவேண்டுமென்று அன்று ஏனோ ஓர் ஆசை. அவர் வாழ்நாள் முழுவதும் பறித்த செடி. அதன் பூவைக் காணாமற் போய்விடுவாரே என்று எண்ணினேன். ஒரு கொடியை வேரோடு எடுத்து மண்ணை உதறி அவர் மடியில் வைத்தேன். வில்லையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

துடைத்து நிமிர்வதற்குள் அவருடைய விரல் இலைகளின்மேல் போய்விட்டது. நடுங்கும் விரல்தான், ஆயினும் தயங்கவில்லை. இரண்டு இலைகளை அப்பாலும் இப்பாலும் விலக்கி, மூன்றாவது கணுவின் அடிக்கு நேரே சென்று, நகத்தின் நுனியால் அந்தச் செம்புள்ளியைத் தொட்டார். பிறகு கொடியை என் பக்கம் நீட்டினார்.

“தம்பி, இது பூத்திட்டுது,” என்றார். “பிள்ளைக்குக் குடுக்கவேண்டாம். சோதினை கிட்டுது.”